நாய் உயரம்

யார் வீட்டுக்குப் போனாலும் அந்த அக்கா முதலில் குந்திவிடுவார். நாற்காலி எடுத்துப் போட்டாலும் உட்கார மாட்டார். புடவைக் கொசுவத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வாசலில் தரையோடு தரையாகக் குந்தி, தலையைச் சாய்த்து, சுவரோரம், பூந்தொட்டியின் அடி, துவைக்கிற கல்லின் பின்பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பார்த்து முடிக்கிற வரைக்கும் பேச மாட்டார். காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று எங்கள் தெருவில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அவர் குந்தினாலே எனக்குப் பயம். எதையாவது கண்டுபிடித்துவிடப் போகிறார் என்று இருக்கும். பெரும்பாலும் கண்டுபிடித்தும்விடுவார்.

மாட்டாஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலை அவருக்கு. பலகையில் அரசாங்கம் என்ன பேர் எழுதியிருந்தாலும் காஞ்சிபுரத்தில் எல்லாருக்கும் அது மாட்டாஸ்பத்திரிதான். முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் சின்னதாக ஒரு சிலுவை. அவர் வருவதற்கு முன்னாலேயே ஃபினாயில் வாசனை வந்துவிடும்.

எங்கள் நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசி போடப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். நாயின் பேர் ஜரி. குட்டியாக வந்தபோது வெயிலில் அதன் முதுகு மின்னியதைப் பார்த்து என் வீட்டுக்காரர் வைத்த பேர். நான் பட்டுப்புடவைக் கடையில் புடவை பிரித்துக் காட்டி மடித்து வைக்கிறவள். எனக்கும் அந்தப் பேர் பிடித்துப்போயிற்று. ஊசி போடும்போது ஜரியின் பின்காலைப் பிடித்துக்கொண்டவர் அந்த அக்காதான். பிடித்துக்கொண்டே என்னைக் கேட்டார்: “வூட்ல இன்னா இன்னா செடிமா வெச்சிருக்குற?”

நாயைப் பற்றிக் கேட்காமல் செடியைப் பற்றிக் கேட்கிறாரே என்று விழித்தேன். ஏதோ இருக்கிறது அக்கா, பேர் தெரியாது என்றேன்.

“நாய் வெச்சிருக்குற, செடி தெரியலன்ற. வூட்டுக்குப் போய் குந்திப் பாரு. நின்னு பாத்தா உனுக்குப் பூதான் தெரியும். குந்திப் பாத்தாதான் நாய்க்கு இன்னா தெரியுதுன்னு தெரியும்.”

நான் இயல்பிலேயே பயந்தவள். கேஸ் சிலிண்டரை மூன்று தடவை மூடிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன், தெருக்கோடி போய் மறுபடியும் திரும்பி வருவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்தவர்கள் பயம் வந்தால் போனில் தேடிப் பார்த்துத் தெளிந்துகொள்கிறார்கள். எனக்குப் போனில் தேடத் தெரிந்த நாளிலிருந்து பயம் இரண்டு பங்கானதுதான் மிச்சம். அப்படிப்பட்டவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் எப்படி இருக்கும்? அன்றைக்கே அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

அவருக்குச் செடிகளைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டாக்டர்கள் நாயைப் பார்ப்பார்கள். இவர் நாய் எடுத்த வாந்தியைப் பார்ப்பார். துடைத்து எறிவதற்கு முன்னால் விளக்குமாற்றுக் குச்சியால் பரப்பி, இலையா, கொட்டையா, பால் வடிகிற தண்டா என்று பார்த்துவிடுவார். அந்த நாய் பிழைத்ததா, எத்தனை நாளில் போயிற்று என்றும் ஞாபகம் வைத்துக்கொள்வார். முப்பது வருஷமாக இப்படி. மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில் எங்கே செடியைப் பார்த்தாலும் அவருக்கு அதன் பக்கத்தில் ஒரு நாய் படுத்திருப்பதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். பூவைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

ஒருமுறை தெருநாய்களுக்கு ஊசி போட ஆஸ்பத்திரி ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்காவும் கூட வந்தார். எங்கள் தெருவில் ஏழு நாய்கள். வலையைப் பார்த்து ஓடியவை எல்லாம் அக்கா பன்னைப் பிய்த்துக்கொண்டு குந்தியதும் திரும்பி வந்தன. அதில் ஒன்று கறுப்பு, முன்கால் நொண்டி. அது யாரிடமும் வராது. அன்றைக்கு அக்காவின் மடியில் மோவாயை வைத்துக்கொண்டது.

போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, பேங்க்கில் ரிட்டையர் ஆனவர் வீட்டு கேட்டின் முன்னால் அக்கா நின்றார். உடனே குந்தினார். கேட்டுக்கு இரண்டு பக்கமும் குட்டிப் பனைமரம் மாதிரி அலங்காரச் செடி. நர்சரிக்காரர்கள் சைக்கஸ் என்பார்கள். ஒன்றின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் கொட்டைகள் கொத்தாகப் பழுத்திருந்தன. உள்ளே அவர்களுடைய லேப்ரடார் சங்கிலி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“சார், அந்தக் கொட்டைய பூரா எடுத்துப் பொதைச்சிடுங்க. ஒன்னு ரெண்டு கடிச்சாலும் மூணு நாள் தாங்காது.”

அவர் சிரித்தார். மெட்ராஸிலிருந்து வரவழைத்த செடி, ஊரில் எத்தனையோ பங்களாவில் இருக்கிறது, எந்த நாய் செத்தது என்று கேட்டார். அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மாதமே அந்த லேப்ரடார் கொட்டையைக் கடித்தது. முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் தெளிந்த மாதிரி வாலாட்டிற்று. மூன்றாம் நாள் கண்வெள்ளை மஞ்சளாகி, செத்துப்போயிற்று. சாரின் மனைவி தெருக் குழாயடியில் நின்று, மூணு நாள்னு சொன்னா, நாளு தவறாம போச்சே, இது மனுஷ நாக்கா கரிநாக்கா என்று அழுதார். சொன்னால் பலித்துவிடுகிற நாக்கு. அன்றிலிருந்து எங்கள் தெருவில் அக்காவுக்கு அதுதான் பேர். கொட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு சைக்கஸும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

அந்தப் பேர் எப்படித்தான் எங்கள் கடை வரைக்கும் வந்ததோ. ஒருநாள் அக்கா ஜரிக்கு உண்ணி மருந்து வாங்கிக்கொண்டு, என்னிடம் கொடுத்துவிட்டுப் போகக் கடைக்கு வந்தார். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் முதலாளியம்மா வரிசையாகத் தொட்டி வைத்திருந்தார்கள். அகல அகலமான பச்சை இலை, நடுவில் வெள்ளை தெளித்த மாதிரி. முதலாளியம்மாவின் குட்டை நாய், பொமரேனியன், அந்தத் தொட்டிகளுக்கு நடுவில்தான் ஏசிக் குளிரில் படுத்திருக்கும். அக்கா கடைக்குள்ளேயே, பட்டுப்புடவை விரித்த மெத்தைக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். வாடிக்கையாளர்கள் ஒதுங்கினார்கள். எனக்கு உயிரே போயிற்று.

இந்த இலை நாக்கில் பட்டால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், செடியை மாடிக்கு மாற்றிவிடுங்கள் என்று அக்கா சொன்னார். முதலாளியம்மா கோபப்படவில்லை, விளையாட்டாகத்தான் கேட்டார்கள்: “நீ சொல்லிட்டா நடந்துடுமாமே. இதுக்கும் நாள் குறிச்சிட்டியா?”

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அக்கா அந்த இலையின் ஓரத்தில் நகம் அளவுக்குக் கிள்ளி வாயில் போட்டு ஒரே ஒரு கடி கடித்துத் துப்பினார். தடுக்கக்கூட நேரமில்லை. கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது. எச்சில் ஒழுக ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட, வாயைத் திறந்து நாக்கைக் காட்டினார். அது சிவந்து வீங்கி உள்ளே அடங்காமல் இருந்தது. பேச்சு வரவில்லை. விரலால் இலையைக் காட்டினார், பிறகு நாயைக் காட்டினார். சாயங்காலம் வரைக்கும் ஐஸ் தண்ணீரைக் கொப்பளித்தபடி குடோனில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் தொட்டிகள் மாடிக்குப் போய்விட்டன. கடைப் பெண்கள் மட்டும், கரிநாக்குக்கு ஏற்ற மருந்து என்று பல நாள் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு நாய்க்காகத் தன் நாக்கையே கொடுக்கிற மனுஷியிடம் எனக்குப் பாசம் வந்தது உண்மை. பயமும் வந்தது. இவருக்கு ஒன்று சரியென்று பட்டால் நிற்கிற இடம் தெரியாது என்கிற பயம்.

அதற்குப் பிறகுதான் அவரை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். கூப்பிட வேண்டாம் என்று மனது சொல்லிற்று. கூப்பிடாமல் இருந்தால் தூக்கம் வராது என்றும் அதே மனது சொல்லிற்று.

குந்தியதும் அவர் பார்வை நேராகச் சுவரோரத்துக்குப் போயிற்று. அங்கே செவ்வரளி. என் மாமியார் வைத்தது. என் வீட்டுக்காரர் டெங்குவில் கிடந்தபோது, பிள்ளை எழுந்து நடந்தால் ஆயுசுக்கும் வெள்ளி தவறாமல் என் கையால் அரளிமாலை கட்டிப் போடுகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டு வைத்த செடி. மடியில் பூவைப் போட்டுக்கொண்டு, வாழைநாரில் அவர் மாலை கட்டினால் பக்கத்திலேயே ஜரி படுத்திருக்கும். எங்கள் வீட்டில் ஜரிக்கு என் மாமியார்தான் எல்லாம். அதற்குத் தயிர்சோறு வைக்காமல் தான் ஒரு வாய் சாப்பிட மாட்டார். அதன் கிண்ணத்துத் தண்ணீரைக் காலையில் தன் கையால்தான் மாற்றுவார்.

“இது எல்லாத்துலயும் கெட்டது பெரிம்மா. எலை, பூ, தண்டு, ஊற வெச்ச தண்ணி, எல்லாமே. நாய் இருக்குற வூட்டுக்கு ஆவாது” என்றார் அக்கா.

மாமியார் அக்காவின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். சாமிப் பூவைப் பிடுங்கிப் போடச் சொல்ல ஊர் விட்டு ஊர் வந்திருக்கிறாயா என்று கேட்டார். சர்ச்சுக்குப் போகிறவளுக்கு அம்மன் பூ எப்படி ஆகும் என்றும் கேட்டார். அக்கா முகம் மாறவில்லை. பிடுங்க வேண்டாம், சுற்றி வலை கட்டினால் போதும் என்றார். பிறகு, எழுந்திருக்கப் போனவர் மறுபடியும் குந்தி ஒன்று கேட்டார்.

“கட்டுற பூவு எங்க போவுது?”

“சாமிக்குப் போவுது. வேற எங்க போவும்?”

“அது தெரியும் பெரிம்மா. சாமிகிட்டருந்து எங்க போவுது?”

மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். சாமிக்குப் போட்ட மாலை கால்பட்டால் பாவம் என்று, மறுநாள் எடுத்து, வீட்டுக் குழாயடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டுப் போட்டுவைப்போம். அமாவாசை கழிந்து வீட்டுக்காரர் வேன் ஓட்டிக்கொண்டு தென்னேரிப் பக்கம் போகும்போது ஏரியில் விட்டுவிட்டு வருவார். அன்றைக்குத்தான் விட்டுவிட்டு வந்திருந்தார். தொட்டி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. குந்திப் பார்த்தாலும் தெரிகிற மாதிரி அங்கே எதுவும் இல்லை. அந்த நேரத்தில் எனக்குச் சண்டை முடிந்தால் போதும் என்றிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா, நீங்கள் கிளம்புங்கள் என்று அவரை அனுப்பினேன்.

அடுத்த நாளே கோழிவலை வாங்கி வந்து செடியைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கட்டினேன். தினமும் வேலையிலிருந்து வந்ததும் உதிர்ந்த இலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். காற்றடித்தால் கடையிலிருந்து போன் பண்ணி, வலைக்கு வெளியே ஏதாவது கிடக்கிறதா என்று கேட்பேன். மாமியார் திட்டுவார். என் பயத்தையே பிடித்து வலைக்குள் போட்டுவிட்ட மாதிரி, வாழ்க்கையில் முதல்தடவையாக நிம்மதியாக இருந்தேன். நாலு அடி தள்ளித் தொட்டியில் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்ததை ஒவ்வொரு நாளும் தாண்டித்தான் போனேன்.

அக்னி நட்சத்திரம். ஜரியின் கிண்ணம் வெயிலில் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் அதில் கை வைக்க முடியாது. தொட்டி சுவர் நிழலில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஜரி எச்சில் ஒழுகத் தள்ளாடி வந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தது. பின்கால் மடங்கி விழுந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். என்ன சாப்பிட்டது என்று அவர் கேட்கவில்லை. “தண்ணி எங்க குடிச்சிது?” என்று கேட்டார். கிண்ணத்தில்தான் அக்கா என்றேன். ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

டாக்டர் மார்பில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு விட்டு விட்டு வருகிறது, வீட்டில் அரளி இருக்கிறதா என்றார். இருக்கிறது சார், ஆனால் வலை கட்டியிருக்கிறேன், ஒரு இலைகூட வெளியே வராது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஊசிமேல் ஊசி போட்டார்கள். அக்கா ஜரியின் வாயைத் திறந்து கடைவாய்ப் பக்கம் விரலை விட்டு எதையோ மெதுவாக இழுத்தார். ஒரு விரல் நீளம். ஊறி நைந்த வாழைநார். நடுவில் முடிச்சு. முடிச்சில் சிவப்பாக ஒரு இதழ்.

“இது செடியில மொளைக்காதுமா” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் வலை வலை என்று சொல்வதை நிறுத்தினேன். அவர் அந்த நாரைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். பதினொரு மணிக்கு ஜரி போய்விட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியதும் மாமியார் அதன்மேல் விழுந்து அழுதார். தெரு கூடிற்று. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் குழாயடிக்குப் போனேன். தொட்டியைத் தூக்கி, தெருக் காவாயில் அப்படியே கொட்டினேன். கழுவிக் கவிழ்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் அக்கா வந்து நிற்கிறார். ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, ஜரியைப் புதைக்க உதவுவதற்காக வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் மாமியார் எழுந்தார்.

“உன் வாயால சொன்னது நடந்துட்ச்சி. இப்ப திருப்தியாடி? செடிக்கு வலை கட்டியாச்சி. தெனம் காலையில என் கையால தண்ணி மாத்தி வெச்சேன். இந்தக் கையால. வேற எப்டி போவும் என் கொழந்தை?”

பேங்க் சாரின் மனைவி, எங்க வூட்லயும் இவதான் நாள் குறிச்சா என்றார். இந்தத் தெருப்பக்கமே வரக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் கை முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. அவர் என்னைப் பார்த்தார். அவிழ்த்துக் காட்டினால் ஒரே நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிடும். நான் ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். ஆனால் சொன்னால், ஜரியைக் கொன்றது மாமியார் கட்டிய மாலை என்று ஆகும். மகனுக்காக வேண்டிக் கட்டிய மாலை. இந்தக் கையால என்று நீட்டிய கையை மாமியார் இன்னும் மடக்கவில்லை. விரலிடுக்கில் முந்தைய நாள் பூக்கட்டிய சிவப்பு.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா என்னையும் அந்தக் கையையும் பார்த்தார். பிறகு குழாயடியில் கவிழ்ந்திருந்த ஈரத் தொட்டியைப் பார்த்தார். முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

“ஆமா பெரிம்மா. என் வாய்தான்” என்றார்.

போகும்போது என் அருகில் வந்து, யாருக்கும் கேட்காமல், ஒன்று மட்டும் சொன்னார். “அந்தத் தண்ணிய எங்கயாவது வெச்சிருந்தா கொல்லையில ஆழமா குழி எடுத்து ஊத்து. காவாயில ஊத்திடாத. தெருவுல ஏழு நாய் கீது.”

சரிக்கா என்றேன். கொட்டிவிட்டேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவர் தெருவே பார்க்க அங்கேயே இறங்கி அந்தப் பூவை வழித்திருப்பார், யார் திட்டினாலும் நகர்ந்திருக்க மாட்டார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு காவாய் ஓரம் போனேன். நின்று பார்த்தேன். கறுப்புத் தண்ணீர், குப்பை, வழக்கம்போல. அப்புறம் புடவையை இடுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக, அவர் மாதிரி குந்தினேன். சிமெண்ட் பலகைக்கு அடியில், நின்றால் தெரியாத இடத்தில், தண்ணீர் தேங்கி நிழலாக இருந்தது. அதில் அரளிப் பூ அடைத்துக்கொண்டு நின்றது. ஓரத்துச் சேற்றில் நாய்க்கால் தடம். மூன்று கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக.

கைக்கு எட்டிய மட்டும் வாரி எடுத்துப் புதைத்தேன். மறுநாள் எண்ணினேன். ஆறு. அதற்கு மறுநாளும் ஆறுதான். அந்தக் கறுப்பு நொண்டி வேறு தெருவுக்குப் போயிருக்கலாம். இன்றைக்கும் எங்கே கறுப்பு நாயைப் பார்த்தாலும் முன்காலைப் பார்க்கிறேன்.

அக்கா அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. என் போனை எடுத்தார். ஜரியைப் பற்றியோ அன்றைக்கு நடந்ததைப் பற்றியோ பேசவில்லை. ஒரே ஒருமுறை, தெருநாய்ங்க நல்லா இருக்குதா என்று கேட்டார். இருக்குது அக்கா என்றேன். பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வாலாஜாபாத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கறுப்பு நாய் காணாமல் போன அந்த வாரம், தெருக் குழாயடியில் பேச்சு வந்தது. அது அன்றைக்கு அந்தப் பொம்பளை மடியில் தலை வைத்த நாய்தானே, அவள் தொட்டதும் விளங்கவில்லை, பார்த்ததும் விளங்கவில்லை என்று பேங்க் சாரின் மனைவி சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். என் மாமியாரும் ஆமாம் என்றார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் அதையும் நின்றுகொண்டுதான் கேட்டேன்.